தலையில் அடிபட்ட பெண்பிள்ளையை அந்த நிமிடமே வெளியே எடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், ஊர்ச்சங்கம் ஒன்று நடத்திய கோடைகால உதைபந்தாட்டப் போட்டி பற்றி எழுதியிருந்தீர்கள். பெண்கள் இறுதியாட்டத்தில் பந்து தலையில் பலமாகப் பட்டும், ஒரு கணம் தடுமாறிவிட்டு, தொடர்ந்து ஆடிக் கிண்ணத்தை வென்று கொடுத்த ஒரு பிள்ளையைப் பாராட்டியிருந்தீர்கள். பெண்பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. அந்தப் பிள்ளையின் திறமையில் எனக்கும் பெருமைதான். ஆனால் அவள் தடுமாறிய அந்தக் கணத்திலேயே யாராவது அவளை மைதானத்துக்கு வெளியே கூட்டிவந்திருக்க வேண்டும். அதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எனக்கு ஒரு மகனும் ஒரு மகளும். இரண்டு பேரும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரே கழகத்தில் ஆடுகிறார்கள். மகளின் அணிக்கு நான் மேலாளர். படிவங்கள் சேர்ப்பது, ஆட்ட நேரங்களைப் பெற்றோருக்கு அறிவிப்பது, ஐஸ் பெட்டியும் முதலுதவிப் பையும் கொண்டுபோவது எல்லாம் என் வேலை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் மூளையதிர்வு வந்திருக்கிறது. கொன்கஷன் என்று இங்கே எல்லாரும் சொல்லும் அதே காயம்தான். இரண்டு பேருக்கும் அது நடந்த விதமும், அதற்குப் பிறகு நடந்தவையும் வேறு வேறு. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

மகனுக்கு நடந்தது இப்படி. மூலை உதைக்கு உயர எழும்பினான். எதிரணிப் பையனும் எழும்பினான். தலையோடு தலை மோதிய சத்தம் எல்லைக்கோட்டில் நின்ற எங்களுக்கே கேட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். நடுவர் விசில் ஊதினார், கோச் ஓடினார், எதிரணிப் பெற்றோர் ஒருவர் தண்ணீரோடு ஓடினார். 'எந்த மைதானத்தில் நிற்கிறாய், போன ஆட்டத்தில் யார் வென்றது' என்று கேட்டார்கள். அவன் பதில் சொல்லத் தாமதித்ததும், அன்று இனி ஆட முடியாது என்று கோச் சொல்லிவிட்டார். அடுத்த நாளே வைத்தியரைப் பார்த்தோம். ஒவ்வொரு படியாக ஏறி, ஒரு மாதத்துக்குள் முழுமையாகத் திரும்பினான்.

மகள் பின்வரிசையில் ஆடுபவள். அவளுக்கு மோதலும் இல்லை, விழுகையும் இல்லை. எதிரணிப் பிள்ளை கிட்ட நின்று ஓங்கி அடித்த பந்து, இவளின் காதுக்கு மேலே பட்டது. கையை அங்கே வைத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். பட்டுத் தெறித்த பந்து மறுபக்கம் ஓடியது. நடுவர் உட்பட எல்லாருடைய கண்ணும் பந்தோடு போய்விட்டது. விசில் இல்லை, ஆட்டம் நிற்கவில்லை. அவள் கடைசி வரைக்கும் ஆடினாள், நன்றாகவே ஆடினாள் என்று சொன்னார்கள்.

அன்று இரவு சம்பல் அரைக்கக் கிரைண்டரைப் போட்டேன். மாடியிலிருந்து இறங்கி வந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அம்மா, அதை நிப்பாட்டுங்கோ, தலைக்குள்ள குத்துது" என்றாள். குசினி விளக்கையும் தானே அணைத்துவிட்டு மேசையில் தலையை வைத்துப் படுத்தாள். பிறகு புட்டை முன்னால் வைத்தபோது மணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தள்ளிவிட்டாள். தலையில் பந்து பட்டதை அப்போதுதான், நான் கேட்டுக் கேட்டு, சொன்னாள். சொல்லும்போதும் "அது ஒண்டும் பெரிசா இல்ல அம்மா" என்றுதான் சொன்னாள்.

என் வீட்டில் மட்டும் நடந்த தற்செயல் இது என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநில உயர்நிலைப் பாடசாலைகளின் உதைபந்தாட்ட வீரர்கள் 80,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. அதை வாசித்தபோது என் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி எழுதியது போல இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு மூளையதிர்வு ஏற்படும் வீதம் ஆண்பிள்ளைகளை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆண்பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் இன்னொரு வீரரோடு மோதுவதால் வருகிறது. பெண்பிள்ளைகளுக்குப் பந்து, கோல் கம்பம் போன்றவற்றில் அடிபடுவதால் வருவதே கூடுதல். அடிபட்டவுடன் ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்கப்படும் வாய்ப்பு ஆண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பெண்பிள்ளைகள் ஆட்டத்துக்குத் திரும்பவும் சராசரியாக இரண்டு நாட்கள் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடினால் என்ன நடக்கும் என்பதை பிற்ஸ்பேர்க் ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். உடனே வெளியே வந்தவர்கள் சராசரியாக 22 நாட்களில் தேறினார்கள். அடிபட்ட பிறகும் ஆடியவர்களுக்கு 44 நாட்கள் பிடித்தன. மைதானத்தில் மிச்சமிருந்த அந்த இருபது நிமிடத்துக்குப் பிள்ளை கொடுக்கும் விலை மூன்று கிழமை. யார் முதலில் வெளியே எடுக்கப்படுகிறார்கள் என்பது அவ்வளவு முக்கியம். அதில்தான் எங்கள் பெண்பிள்ளைகள் பின்னுக்கு நிற்கிறார்கள்.

இது பற்றிப் பேசினாலே எங்கள் ஆட்களில் சிலர் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு. "அதுதானே, பெட்டைப் பிள்ளைகளுக்கு உந்த விளையாட்டெல்லாம் எதுக்கு?" பதின்மூன்று, பதினான்கு வயதில் எத்தனை பிள்ளைகளை அணியிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களின் பெயர்களை அணிப் பட்டியலிலிருந்து வெட்டியதே நான்தான். கறுத்துப் போவாள், கால் முறியும், படிப்புக் கெடும் என்று காரணங்கள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கின்றன. இதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

உடல் வித்தியாசங்கள் இருப்பது உண்மைதான், அதை மறைக்கத் தேவையில்லை. பருவ வயதில் ஆண்பிள்ளைகளின் கழுத்துத் தசை தடிக்கிற அளவுக்குப் பெண்பிள்ளைகளுடையது தடிப்பதில்லை. அதே வேகத்தில் பந்து பட்டால் தலை கூடுதலாக உலுப்பப்படும். 2018இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்த நரம்புக்கலங்களில், பெண் கலங்களின் நீண்ட இழைகள் மெல்லியவையாகவும், அவற்றைத் தாங்கும் நுண்குழாய்கள் எண்ணிக்கையில் குறைந்தவையாகவும் இருந்தன. ஒரே அளவு இழுத்தபோது அவையே கூடுதலாகச் சேதமடைந்தன. ஹோர்மோனுக்கும் பங்கு இருக்கலாம். றொச்செஸ்ரர் ஆய்வாளர்கள் 2014இல் கண்டது, மாதச் சுழற்சியின் பின்பாதியில், புரோஜெஸ்ரரோன் உயர்ந்திருக்கும் நாட்களில், அடிபட்ட பெண்களின் நிலைமை ஒரு மாதத்துக்குப் பிறகும் மற்றவர்களை விட மோசமாக இருந்தது என்பது. வளர்ந்தவர்களைப் பார்த்தாலும் இதே போக்குத்தான். நியூயோர்க்கில் பந்தைத் தலையால் அடிக்கும் பழக்கமுள்ள ஆண்கள் 49 பேரையும் பெண்கள் 49 பேரையும் ஸ்கான் செய்து ஒப்பிட்டபோது, மூளையின் வெண்பொருளில், அதாவது நரம்பிழைகள் ஓடும் பகுதியில், மாற்றம் காணப்பட்ட பரப்பு பெண்களில் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

ஆனால் இவற்றில் மாற்றக்கூடியவை இருக்கின்றன. கழுத்தைப் பலப்படுத்தலாம். அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை வீரர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரில் செய்த ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. கழுத்தின் பலம் ஒரு இறாத்தல் கூடும்போது மூளையதிர்வு வரும் வாய்ப்பு 5 சதவீதம் குறைகிறது என்று அதில் கண்டார்கள். எங்கள் கோச் இப்போது சூடேற்றும் பயிற்சியிலேயே கழுத்துக்கும் சில நிமிடங்கள் ஒதுக்குகிறார். கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ளுவது, பிறகு பக்கவாட்டில், பிறகு பின்னால், அவ்வளவுதான். செலவே இல்லை. தலையால் அடிப்பதையும் குறைக்கலாம். அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 2015இலேயே 10 வயது வரையான பிள்ளைகளுக்கு அதை முற்றாக நிறுத்தி, 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் அளவோடு மட்டும் அனுமதித்தது.

எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது இன்னொரு விஷயம். பிலடெல்பியா சிறுவர் மருத்துவமனையின் நிபுணர்கள் தங்களிடம் வந்த பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளை விடத் தாமதமாகத்தான் சிகிச்சைக்கு வந்திருந்தார்கள், தேறுவதற்கும் கூடுதல் காலம் எடுத்தார்கள். ஆனால் அடிபட்டு ஏழு நாட்களுக்குள் வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, ஆண், பெண் என்ற வித்தியாசம் மறைந்துவிட்டது. அமெரிக்கக் கல்லூரி வீரர்களிலும் அப்படித்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் மைதானத்திலேயே ஒரே மாதிரி மருத்துவக் கவனிப்புக் கிடைக்கும் இடங்களில் இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தேறுகிறார்கள். ஆகவே பெண்பிள்ளை கூடுதல் காலம் துன்பப்படுவதில் பெரும் பங்கு நாங்கள் அவளைப் பார்க்கத் தவறுவதால் வருவது. கோச், நடுவர், பெற்றோர், வைத்தியர் எல்லாரும் இதில் அடக்கம்.

கனடாவிலேயே இதற்கு நல்ல கருவி ஒன்று இருக்கிறது. ஒட்டாவாவின் கிழக்கு ஒன்ராறியோ சிறுவர் மருத்துவமனை வைத்தியர் றொஜர் செமெக் தலைமையில், நாட்டின் 9 சிறுவர் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து, 2016இல் ஒரு புள்ளி முறையை வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பத்துக்கு மூன்று பேருக்கு நான்கு கிழமை கழிந்தும் உபாதைகள் தீரவில்லை. யாருக்கு அப்படி நீளும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க மொத்தம் 12 புள்ளி. 13 வயதோ அதற்கு மேலோ என்றால் 2, பெண்பிள்ளை என்றால் இன்னும் 2. தலையிடி, சத்தம் தாங்காமை, களைப்பு, கேட்ட கேள்விக்கு மெதுவாகப் பதில் சொல்வது, முன்னர் ஒற்றைத் தலையிடி இருந்தது, முன்னைய அடியில் ஒரு கிழமைக்கு மேல் துன்பப்பட்டது, நேர்கோட்டில் கால் வைத்து நிற்கும்போது தடுமாறுவது ஆகியவற்றுக்கு மிகுதிப் புள்ளிகள். 3 வரை குறைந்த ஆபத்து, 4 முதல் 8 வரை நடுத்தரம். அதாவது, 15 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வைத்தியரின் அறைக்குள் காலடி வைக்கும்போதே, இன்னும் ஒரு கேள்வியும் கேட்பதற்கு முன்னமே, நடுத்தர ஆபத்தில் நிற்கிறாள்.

என் மகளை முதலில் காட்டிய கிளினிக்கில் யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. மயக்கம் வந்ததா, சத்தி எடுத்தாளா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றோம். ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூளையதிர்வு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. சி.ரி. ஸ்கானிலும் அது தெரியாது, ஸ்கான் எடுப்பது இரத்தக்கசிவு போன்ற வேறு ஆபத்து இருக்கிறதா என்று பார்க்கத்தான். பிறகு எங்கள் குடும்ப வைத்தியர் உரிய இடத்துக்கு அனுப்பி, அங்கே சரியாகக் கவனிக்கத் தொடங்குவதற்குள் ஒரு தவணைப் பரீட்சை போய்விட்டது. வரலாற்றுப் புத்தகத்தில் ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, என்ன வாசித்தேன் என்று தெரியவில்லை என்று அழுவாள். முன்பு ஒருபோதும் தம்பியோடு கத்திச் சண்டை போடாதவள் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாள்.

இங்கேதான் எங்கள் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்பிள்ளை தலையிடிக்கிறது என்று சொன்னால் எங்களிடம் பதில்கள் தயாராக இருக்கும். போனை வை, தலையிடி போகும். காலையில் சாப்பிடாமல் போனால் தலையிடிக்காமல் என்ன செய்யும். மாதச் சுகமில்லாத நாளாக இருக்கும். அம்மம்மா சித்தாலேப பூசி, தலையைச் சுற்றித் துணி கட்டிவிடுவார். அந்தக் கையின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அப்படி மூன்று நாள் போய்விடும், ஐந்து நாள் போய்விடும், அந்த முக்கியமான முதல் கிழமை போய்விடும். மகன் தலையிடிக்கிறது என்றால் "எங்கே அடிபட்டது?" என்று கேட்கிறோம். மகளிடமும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கட்டும்.

மாதவிடாய் என்று சொன்னதால் அதையும் வெளிப்படையாகவே எழுதுகிறேன். தமிழ்ப் பத்திரிகையில் இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மூளையதிர்வுக்குப் பிறகு மாதவிடாய் ஒழுங்கு குலையலாம். 12 முதல் 21 வயது வரையான பெண்பிள்ளைகளை நான்கு மாதங்கள் பின்தொடர்ந்த பிற்ஸ்பேர்க் ஆய்வு 2017இல் வந்தது. தலையில் அடிபட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சுழற்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழப்பங்கள். கை, கால் போன்ற இடங்களில் காயப்பட்டவர்களில் அப்படி இருந்தது இருபதில் ஒருவருக்குத்தான். மூளையின் அடியில் இருந்து ஹோர்மோன்களை ஆளும் பகுதியும் அந்த உலுப்பலில் பாதிக்கப்படலாம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். என் மகளுக்கு இரண்டு மாதம் வரவில்லை. அதைக் கோச்சிடம் சொல்ல அவள் வெட்கப்பட்டாள், அப்பாவிடமும் சொல்லவில்லை. வைத்தியர் கேட்காவிட்டால் பிள்ளை தானாகச் சொல்லப்போவதில்லை. ஆகவே தாய்மார் கவனித்து, திகதியோடு குறித்துவைத்து, வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கேட்கிற வைத்தியர் ஆணாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

ஓய்வு பற்றியும் எங்களிடையே பழைய எண்ணம் ஒன்று இருக்கிறது. திரைச்சீலையை மூடி, இருட்டறையில் கிழமைக்கணக்காகப் படுக்க வைப்பது. இப்போது அப்படிச் சொல்வதில்லை. 2022இல் அம்ஸ்ரர்டாமில் நிபுணர்கள் கூடி எடுத்த முடிவின்படி, முதல் 24 முதல் 48 மணித்தியாலம் வரை அளவான ஓய்வு போதும். வீட்டுக்குள் நடமாடலாம், சின்ன வேலைகள் செய்யலாம். அந்த இரண்டு நாட்களும் போன், கணினித் திரையை நன்றாகக் குறைத்தால் விரைவாகத் தேறுகிறார்கள். அதற்குப் பிறகு மெல்ல நடை, பிறகு சைக்கிள் என்று, உபாதை பெரிதாகக் கூடாத அளவுக்கு உடலை அசைக்க வேண்டும். பாடசாலைக்கு முழுமையாகத் திரும்பிய பிறகுதான் மோதலுள்ள பயிற்சி. அதற்கும் முன்னால் வைத்தியரோ, நேர்ஸ் பிரக்டிஷனர் எனப்படும் உயர்தகுதித் தாதியோ சரி என்று சொல்ல வேண்டும்.

எங்கள் பெண்பிள்ளைகளுக்கு இதில் தனியான சிக்கல் ஒன்று உண்டு. சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு, மத்தியானம் பரதநாட்டியம், ஞாயிறு கணித ரியூஷன். உதைபந்தாட்டத்தை நிறுத்திவிட்டோம், ஓய்வில்தான் இருக்கிறாள் என்று பெற்றோர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளை அரங்கேற்றத்துக்காக, மிருதங்கச் சத்தத்துக்கு நடுவே, தட்டடவு போட்டுக்கொண்டிருக்கும். தரையில் ஓங்கிக் குத்தும் ஒவ்வொரு காலும், சட்டென்று திரும்பும் ஒவ்வொரு திருப்பமும் தலைக்குப் போகிறது. நடன ஆசிரியைக்கும் தமிழாசிரியருக்கும் ரியூஷன் மாஸ்ரருக்கும் விஷயம் தெரிய வேண்டும். என் மகளின் நடன ஆசிரியை அவளை ஒரு மாதம் உட்கார்ந்து ஜதி சொல்ல மட்டும் வைத்தார், பிறகு சத்தம் ஒத்துக்கொண்டதும் மெதுவாக நிற்க வைத்தார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இவ்வளவும் ஒன்ராறியோவில் புதிய விஷயம் இல்லை. சட்டமே இருக்கிறது, அந்தச் சட்டத்துக்கு ஒரு பெண்பிள்ளையின் பெயர்தான் இருக்கிறது. ரோவன் ஸ்ரிங்கர் ஒட்டாவாவில் தன் பாடசாலை றக்பி அணியின் தலைவி. வயது 17. 2013 மே மாதத்தில், ஒரே கிழமைக்குள், ஆட்டங்களில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டது. தனக்கு மூளையதிர்வாக இருக்குமோ என்று தோழிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள், இணையத்திலும் தேடிப் பார்த்திருந்தாள். பெற்றோருக்கோ கோச்சுக்கோ சொல்லவில்லை. மே 8ஆம் திகதி ஆட்டத்தில் மீண்டும் விழுந்து மயங்கியவள் எழும்பவே இல்லை. மே 12ஆம் திகதி, அன்னையர் தினத்தன்று, இறந்தாள். 2015இல் நடந்த மரண விசாரணையில் ஜூரி 49 பரிந்துரைகள் செய்தது. பெற்றோர் விடாமல் பாடுபட்டதில் 2018இல் ரோவன் சட்டம் நிறைவேறியது. கனடாவில் இப்படி ஒரு சட்டம் அதுதான் முதல்.

அந்தச் சட்டத்தின்படிதான் ஒவ்வொரு வருடமும், ஆடும் பிள்ளைகளும், 18 வயதுக்குட்பட்டோரின் பெற்றோரும், மூளையதிர்வு பற்றிய விளக்கத்தை வாசித்ததாக உறுதிப்படுத்துகிறோம். மேலாளராக அந்த உறுதிப்பாடுகளைச் சேர்ப்பவள் நான். கார் நிறுத்துமிடத்தில், என்ஜினைக் கூட அணைக்காமல், "எங்க அக்கா, சைன் வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போகும் பெற்றோரைத்தான் அதிகம் பார்க்கிறேன். இரண்டு வேலை செய்கிறார்கள், இரவு ஷிப்ட் முடித்து நேரே மைதானத்துக்கு வருகிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் சில பக்கங்களை ஒரு முறை, பிள்ளையோடு சேர்ந்து இருந்து வாசியுங்கள். மகள் வாய் திறந்து சொல்வதற்கு அந்த ஒரு உரையாடல் போதும். ரோவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது, பெரியவர்களிடம் சொல்லவேண்டியது எவ்வளவு அவசரம் என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடையில் நடத்தும் ஒருநாள் போட்டிகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கழக ஆட்டங்களில் ஏதோ ஒரு ஒழுங்கு இருக்கிறது. இந்தப் போட்டிகளில் காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஒரே நாளில் நாலைந்து ஆட்டம், வெயில், கொத்துரொட்டிக் கடை, ஒலிபெருக்கி. காலையில் அடிபட்ட பிள்ளை பின்னேர இறுதியாட்டத்தில் மீண்டும் இறங்குகிறாள். இரண்டாவது அடி ஆபத்தானது என்பதற்கு ரோவனை விட வேறு சாட்சி வேண்டாம். சட்டம் கட்டாயப்படுத்துகிறதோ இல்லையோ, ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு ஆளை நியமியுங்கள். அவர் எந்த அணியையும் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. பந்து எங்கே போனாலும் அவர் பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும். தலையில் பட்டு, பிள்ளை தடுமாறினாலோ, தலையைப் பிடித்தாலோ, வெறித்துப் பார்த்தாலோ, அவர் கையை உயர்த்தினால் பிள்ளை வெளியே வர வேண்டும், அன்றைக்குத் திரும்பி இறங்கக் கூடாது. கோச்சுக்கோ அப்பாவுக்கோ அதில் வாதாட இடம் இருக்கக் கூடாது. தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், எழுப்பக் கடினமாக இருந்தால், கை கால் விறைத்தால், வலிப்பு வந்தால், கழுத்து நொந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால் 911 அவசர எண்ணை அழையுங்கள். காரில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டாம்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. மேலே சொன்ன அறிகுறிகளையும், பாடசாலைக்கும் ஆட்டத்துக்கும் திரும்பும் படிகளையும், சிறுவர் வைத்தியர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்து, வெட்டி எடுத்துக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டக்கூடிய அளவில், ரோவன் சட்ட நாள் வரும் செப்ரெம்பர் கடைசிப் புதன்கிழமைக்கு முந்திய இதழில் வெளியிடுங்கள். அச்சிட இடச் செலவு ஆகும் என்றால் எங்கள் அணிப் பெற்றோர் சேர்ந்து அதைக் கட்டுகிறோம்.

இரண்டாவது, அந்த இறுதியாட்டத்தில் ஆடிய பிள்ளையின் வீட்டாருக்கு இந்தக் கடிதத்தை எப்படியாவது சேர்ப்பியுங்கள். அவளுக்கு ஒன்றும் இல்லாமலே இருக்கலாம், அப்படியே இருக்கட்டும். ஆனால் இன்றைக்கும் அவளுக்குத் தலையிடித்தால், வெளிச்சம் கூசினால், படித்தது மனதில் நிற்காவிட்டால், நித்திரை குழம்பினால், உடனே குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போய், எந்தத் திகதியில் தலையில் அடிபட்டது என்பதை முதல் வசனமாகச் சொல்லச் சொல்லுங்கள். எந்த மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது, பாடசாலைக்கு என்ன கடிதம் வாங்குவது என்று தெரியாவிட்டால், உங்கள் அலுவலகத்தில் என் தொலைபேசி எண் இருக்கிறது. எந்த நேரமும் அழைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தாய், பெண்கள் உதைபந்தாட்ட அணி மேலாளர்
ஸ்காபரோ, ஒன்ராறியோ